ஒன்றேகால் அங்குலம்

கழுத்தில் அளவு நாடாவோடு பிறந்தவள் மாதிரி ஒருத்தி அந்த உடையலங்காரக் கல்லூரியில் முப்பது வருஷமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் இஞ்ச் டேப். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு அடுத்த அறையிலிருந்து காதில் விழும்படி சொன்னார்கள். கடைசியில் கல்லூரி முதல்வரே ஒரு கூட்டத்தில் வாய்தவறிச் சொல்லிவிட, அவளும் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் குடியிருக்கிறது.

ஊர் மெச்ச உடுத்துகிறவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஊர் முகம் சுளிக்க உடுத்தியவர்களைப் பற்றி எழுதுவது என்று இஞ்ச் டேப் சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டாள். அப்படித்தான் அவளுக்குக் கோணல் கோஷ்டி கிடைத்தது. துறைமுகத்தை ஒட்டிய பட்டறைத் தெருவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிளும் கையுமாகத் திரிந்த பதினோரு பேர். பழைய லாரி சீட்டுகளிலிருந்து உரித்த கறுப்பு ரெக்சினில் ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டவர்கள். அந்த ஜாக்கெட்டில்தான் விசேஷம். இடது தோள் வலது தோளைவிட ஒன்றேகால் அங்குலம் இறக்கம். ஜிப்பும் அதற்கேற்பக் கழுத்திலிருந்து இடது இடுப்பை நோக்கிச் சாய்ந்து ஓடும். அந்தக் கோலத்தில் பதினோரு பேரும் வரிசையாக வண்டியில் போனால், தெருவே கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது போலிருக்குமாம்.

அந்தப் பதினொன்றில் ஆறு ஜாக்கெட்டுகள் கைமாறிக் கைமாறி, பழைய உடைகளைப் பாதுகாக்கும் கல்லூரியின் காப்பறைக்கு வந்து சேர்ந்திருந்தன. இருபது வருஷம் அவள் அவற்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொன்றிலும் நாற்பது இடத்தில் அளவெடுத்தாள். ‘சாய்ந்த தோள்’ என்று புத்தகம் போட்டாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் ஊரையே சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அச்சில் வார்க்கத் தொடங்கிய காலத்தில், நேர்க்கோட்டையே வேண்டாமென்று தள்ளியவர்கள் இவர்கள் என்பது அவள் கட்சி. புத்தகம் நன்றாகவே ஓடியது. எங்கெங்கோ கருத்தரங்குக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பெரிய கம்பெனி சாய்ந்த தோள் கோட்டு ஒன்றைத் தைத்துப் பணக்காரர்கள் தலையில் கட்டியது.

அவள் கணவர் கண்ணாடிக் கடைக்காரர். பார்வை சோதித்துக் கண்ணாடி பொருத்துகிறவர். அவருக்கு மட்டும் இந்தக் கட்சியில் முழு நம்பிக்கை வரவில்லை.

“எங்கிட்ட வர்றவங்க பாதிப் பேருக்கு ரெண்டு கண்ணுக்கும் வேற வேற பவரு. நானும் வேற வேற கண்ணாடிதான் மாட்டி அனுப்பறேன். அதுல ஒருநாளும் நான் அரசியலப் பாக்கல,” என்பார்.

“உங்களுக்கு எல்லாமே கண்ணாடிதான்,” என்று சொல்லி அவள் பேச்சை முடித்துவிடுவாள்.

கணவரைச் சமாளித்தது மாதிரி கத்தரியாரைச் சமாளிக்க முடியவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்துப் பெரிய பேராசிரியர் அவர். யார் கட்டுரையானாலும் நாலு வரியில் நறுக்கிவிடுவார் என்பதால் வந்த பெயர். அவள் புத்தகத்துக்கு அவர் எழுதிய மதிப்புரையின் சாரம் இவ்வளவுதான்: வெட்டத் தெரியாத ஒருவன் தப்பாக வெட்டிய மாதிரியை வைத்து எல்லோருக்கும் தைத்திருக்கிறார்கள், இதற்கு இருநூறு பக்கமா?

இப்போது கல்லூரியில் உடை வரலாற்றுக்கென்று முதல்முறையாக ஒரு தலைமைப் பேராசிரியர் இருக்கை வந்திருந்தது. அதற்குப் போட்டியிடுகிறவர் பொது மேடையில் ஓர் உரை நிகழ்த்த வேண்டும், தேர்வுக்குழு கேள்வி கேட்கும். குழுத் தலைவர் கத்தரியார். இஞ்ச் டேப்புக்கு வயது ஐம்பத்தெட்டு. இதை விட்டால் அடுத்தது ஓய்வுதான். அந்தத் தோள் வேண்டுமென்றே இறக்கப்பட்டது என்பதற்கு ஒரு துண்டு ஆதாரம் கிடைத்தால் போதும், இருக்கை அவளுக்கு. கிடைக்காவிட்டால் இருபது வருஷ உழைப்பும் ஒரு தையல்காரனின் தப்பு என்ற பெயரோடு மூட்டை கட்டப்படும். பழைய கோஷ்டிக்காரர்கள் யாராவது இருந்தால் வந்து பாருங்கள் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தாள்.

உரைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு காலை வேளையில், காப்பறைக் கதவைத் தட்டிக்கொண்டு ஒருவர் வந்தார்.

காப்பறை என்பது ஜன்னல் இல்லாத குளிர் அறை. பேனா கொண்டுவரக் கூடாது, பென்சில்தான். ஜாக்கெட்டுகள் ஆறும் தலையில்லாத பொம்மைகளின் மேல் நின்றன. நேர்த்தோள் பொம்மைமேல் சாய்தோள் ஜாக்கெட்டை மாட்டினால் கழுத்திலிருந்து அக்குளுக்கு ஒரு சுருக்கம் இழுத்துக்கொண்டு விழும். இஞ்ச் டேப் மெல்லிய தாளைக் கசக்கி அங்கே இங்கே திணித்துப் பார்ப்பாள். எத்தனை திணித்தாலும் அந்தச் சுருக்கம் அடங்காது. துணிக்கும் உடம்புக்கும் நடக்கும் சண்டை என்று அந்தச் சுருக்கத்துக்கே புத்தகத்தில் மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தாள்.

வந்த பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் ஹெல்மெட். உடம்பில் ஏழாவது ஜாக்கெட்.

“விளம்பரம் பாத்தேன் மேடம். ஓட்டுநர் பள்ளி வெச்சிருக்கேன். கோஷ்டியில என்னை ஹாரன்னு கூப்பிடுவாங்க. ஏன்னு இந்நேரம் உங்களுக்கே புரிஞ்சிருக்கும்,” என்றார். அறையே அதிர்ந்தது.

இஞ்ச் டேப் ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருக்கம் இல்லை. கழுத்திலிருந்து அக்குள் வரை ரெக்சின் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஜிப்பு சாயவே இல்லை, நட்டநடுவில் நேராக நின்றது. இருபது வருஷமாகக் கோணலாகவே பார்த்த ஒரு பொருள் அவள் கண்ணெதிரே நிமிர்ந்து நின்றது.

“கொஞ்சம் திரும்புங்க,” என்றாள்.

ஹாரன் திரும்பினார். ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி, தரையிலிருந்து வலது தோளுக்கும் பிறகு இடது தோளுக்கும் நாடாவைப் பிடித்தாள். மெல்லிய சட்டைக்குள் முதுகெலும்பு இடையில் ஒருமுறை ஒதுங்கி மறுபடி வழிக்கு வந்தது தெரிந்தது. வித்தியாசம் ஒன்றேகால் அங்குலம். தப்பாகப் படித்திருப்போமோ என்று இன்னொரு முறை பிடித்தாள். அதே ஒன்றேகால்தான்.

“பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் மேடம்,” என்றார் ஹாரன் சாதாரணமாக. “பள்ளிக்கூடத்துல என் பேரே கோணல். அப்புறம் இந்தக் கூட்டத்துல சேந்தேன். கொஞ்ச நாள்ல அவங்களுக்குத் தோள இறக்கிப் போடறதுதான் ஸ்டைலுன்னு ஆயிடுச்சு. ஊரே எங்க பதினோரு பேரையும் கோணல் கோஷ்டின்னு சொல்ல ஆரம்பிச்சுது. எனக்குன்னு தனியா இருந்த பேரு கூட்டத்தோட கரைஞ்சு போச்சு. நல்ல நேரத்துல ஃபேஷன் மாறுச்சு, என் அதிர்ஷ்டம்.”

முதல் வருஷ மாணவர்களுக்கு முதல் வகுப்பில் இஞ்ச் டேப் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்று உண்டு: துணியைத் தொடுகிறதுக்கு முன்னால் உடம்பைப் பார். முப்பது வருஷம் அதைச் சொல்லித் தொண்டை கட்டியவள், இந்தத் தோள் யாருடைய தோள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறி வேறொன்று அவளைப் பிடித்து நிறுத்தியது. மீதி ஆறு ஜாக்கெட்டும் இங்கேயேதான் இருக்கின்றன. ஒன்று அகன்ற மார்புக்காரனுடையது, ஒன்று ஒல்லிக்குச்சியுடையது. ஆறிலும் அதே ஒன்றேகால். பத்துப் பேருக்குமா முதுகு வளைந்திருக்கும்?

“இதெல்லாம் வெட்டினது யாரு?” என்று கேட்டாள்.

“கட்டர்தான். இப்ப பஸ் டிப்போவுல சீட்டு தைக்கறான். உங்க கூட்டத்துக்கு நான் அவனக் கூட்டிட்டே வரேன். ஆனா மனுஷன் வாயத் தொறக்க மாட்டான்,” என்றார் ஹாரன்.

அன்று மத்தியானமே இஞ்ச் டேப் டிப்போவுக்குப் போனாள். பட்டறை முழுக்க ஸ்பாஞ்சுத் தூள் பறந்துகொண்டிருந்தது. கட்டர் ஒரு பஸ் சீட்டின்மேல் குந்தி, வளைந்த ஊசியால் ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, விரல் நுனியெல்லாம் காய்ப்பு. வந்த காரியத்தைச் சொன்னாள். அவர் ஊசியை நிறுத்தவில்லை.

“சும்மா ஒரு ஸ்டைலும்மா,” என்றார்.

“நான் ஹாரனோட தோள அளந்து பாத்துட்டேன்.”

ஊசி நின்றது. கட்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“முதல்ல எல்லாருக்கும் நேராத்தான் வெட்டினேன். ஒரு சனிக்கிழமை எல்லாரும் புதுசு போட்டுக்கிட்டு நிக்கிறோம். அவளுக்கு மட்டும் இழுத்துக்கிட்டு நிக்குது. புழுக்கமா இருக்குன்னு சொல்லிக் கழட்டிட்டா. கழட்டி மடிச்ச விதத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னிக்கு சாயங்காலமே அவ உடம்புக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுத் தெச்சேன். அம்சமா உக்காந்துச்சு. ஆனா எங்களோட வரிசையில நின்னா?”

“தனியாத் தெரிவாங்க.”

“அதான். எங்க தலைவன் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். அவ வீட்டுக்குப் போனதும் தன்னோடத கழட்டி என் மேல வீசினான். எனக்கும் அப்படியே எறக்குன்னான். அவ்வளவுதாம்மா. மத்தவங்களும் வரிசையாக் கழட்டிட்டாங்க. மறுநாள் சாயங்காலத்துக்குள்ள பத்தும் முடிச்சேன். அவகிட்ட மட்டும் சாகற வரைக்கும் சொல்றதில்லன்னு பேச்சு. பத்துல இப்ப நாலு பேருதான் மிச்சம். இன்னும் ஒருத்தனும் வாயத் தொறக்கல.”

இஞ்ச் டேப் அந்த பஸ் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருபது வயதுப் பையன்கள். ஊரில் ஒரு நல்ல பேர் கிடையாது. ஒரு பெண்ணின் முதுகை நேராக்க முடியாது என்று தெரிந்ததும் பத்துப் பேரும் தங்களைக் கோணலாக்கிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனையோ அரண்மனை உடைகளை, தங்க இழைகளை அவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள். எதன் முன்னாலும் இப்படி உட்கார்ந்ததில்லை.

கட்டர் பலகைக்கு அடியிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்தார். தோள் பாகத்தின் மாதிரி அட்டை. மேலே ஒரு நேர்க்கோடு, குறுக்கே அடித்திருந்தது. அதற்குக் கீழே, சரியாக ஒன்றேகால் அங்குலம் இறங்கி இன்னொரு கோடு. ஓரத்தில் பென்சிலால் ‘எல்லாருக்கும்’ என்று ஒரே ஒரு வார்த்தை. தேதியும் இருந்தது.

“இத நீங்க வெச்சுக்கங்க. எனக்கப்புறம் யாராவது குப்பையில போட்டுடுவாங்க. ஆனா அவ காதுக்குப் போகக் கூடாது. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும்.”

இருபது வருஷம் தேடிய ஆதாரம் அவள் கைப்பைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை வெளியே எடுக்க மட்டும் வழியில்லை.

உரைக்குப் புறப்படும் காலையில் கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஆதாரம் கெடச்சுதுன்னு சொன்ன. முகத்துல ஈயாடலையே.”

“கெடச்சுது. காட்ட முடியாது. அது இன்னொருத்தரோடது.”

“அப்ப எதுக்கு அதப் பையில எடுத்துட்டுப் போற?”

“தெரியலைங்க,” என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் ஹாரன், ஜாக்கெட்டோடு. பக்கத்தில் கட்டர், துவைத்து மடித்த சட்டையோடு. இஞ்ச் டேப் ஆறு ஜாக்கெட்டுகளின் வெட்டு, தையல், ரெக்சினில் ஊசி போட்ட துளை ஒருநாளும் மூடாது என்பதால் ஒவ்வொரு தோளுக்கும் உள்ளே தெரியும் பழைய நேர்த்தையலின் தடம் எல்லாவற்றையும் விளக்கினாள். காரணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரியார் சும்மா விடுவாரா?

“மேடம், ஒரு சின்ன சந்தேகம். பழைய தையலப் பிரிச்சு மறுபடி தெச்சிருக்காங்கன்னு நீங்களே சொல்றீங்க. முதல்ல சரியா வரல, ரெண்டாவதும் சரியா வரல. வெட்டினவருக்கு வேல தெரியலன்னு எடுத்துக்கலாமா?”

அரங்கத்தில் லேசாகச் சிரித்தார்கள். இஞ்ச் டேப் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். வேலை தெரியாதவர் என்று ஊரறியச் சொல்லக் கேட்டும் கட்டர் துளிகூடக் கோபப்படவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்பது போல் மெதுவாகத் தலையை ஆட்டினார். கண்ணில் மட்டும் பயம். விசித்திரம் என்னவென்றால், பக்கத்திலிருந்த ஹாரன் கண்ணிலும் அதே பயம். அவருக்கு என்ன பயம் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

பை மேசைமேல் இருந்தது. கையை உள்ளே விட்டால் அட்டை. அட்டையை எடுத்தால் இருக்கை. விரல் பையின் வாரைத் தொட்டது. பிறகு பையைத் தூக்கிக் கீழே, காலடியில் வைத்தாள்.

“வெட்டினதுல தப்பே இல்ல சார். இவ்வளவு சரியா வெட்டின தோள நான் என் வாழ்நாள்ல பாத்ததில்ல. தப்பு என் புத்தகத்துலதான். நான் எழுதின காரணம் காரணமே இல்ல.”

“அப்படின்னா உண்மையான காரணம்?”

“எனக்குத் தெரியும். சொல்ற உரிமை எனக்கு இல்ல.”

“ஆராய்ச்சியில ரகசியத்துக்கு இடம் கிடையாது மேடம்.”

“தெரியும் சார். அதனாலதான் புத்தகத்தத் திரும்ப வாங்கிக்கறேன்.”

கத்தரியார் கண்ணாடியைக் கழற்றி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளில் என்னவோ குறித்துக்கொண்டு, மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார். இருக்கை இன்னொருவருக்குப் போயிற்று. அன்று வீட்டில் அவள் அழுதாள். மானத்தோடு தோற்றாலும் தோல்வி தோல்விதானே, வலிக்கத்தான் செய்யும். கணவர் ஜோக்கடிக்கவில்லை. அவள் மூக்குக் கண்ணாடியை வாங்கித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஹாரன் காப்பறைக்கு வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஏழாவதா வெச்சுக்கங்க மேடம். உங்களுக்கு அந்தப் பதவி போச்சாமே.”

“அது போகட்டும்.”

“என்னாலதானே?”

“உங்களாலயா? அதெல்லாம் ஒண்ணும்...”

“விடுங்க மேடம். சனிக்கிழமை நேரா இருந்த பத்துத் தோளு ஞாயித்துக்கிழமை எறங்கி வந்து நிக்குது. எனக்கு முதுகுதான் கோணல், கண்ணு கோணல் இல்லையே.” அந்தப் பெரிய குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது. “அன்னிக்கே தெரியும். பத்துப் பேரும் எங்கிட்ட வந்து, இனிமே இதான் ஸ்டைலுன்னு சொல்லி, நான் நம்புறேனான்னு என் மூஞ்சியவே பாக்கறாங்க. இருவது வயசுப் பசங்க, ஒருத்தனுக்கும் ஒழுங்காப் பொய் சொல்லத் தெரியல. நான் என்ன பண்ணுவேன்? ஸ்டைலு நல்லா இருக்குடான்னு சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு. அதுக்கப்புறம் எப்படி வாயத் தொறக்கறது? முப்பத்தஞ்சு வருஷம் ஓடிப்போச்சு.”

“அன்னிக்கு அரங்கத்துல பயந்தது...”

“நீங்க சொல்லிடுவீங்களோன்னுதான். பக்கத்துல கட்டர் உக்காந்திருக்கான். எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவன் நெனச்சா ஒடிஞ்சு போயிடுவான் மேடம். அவன் வாழ்க்கையில ஒழுங்காக் காப்பாத்தினது அது ஒண்ணுதான். நீங்களும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க.”

இஞ்ச் டேப்புக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் கூடவே வந்தது. இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் ஒரே ரகசியம், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு கீழே விழாமல் முப்பத்தைந்து வருஷம் நடந்திருக்கிறார்கள். அட்டையை வெளியே எடுக்கப் போன தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“சொல்ல மாட்டேன்,” என்றாள். “யார்கிட்டயும்.”

ஹாரன் போன பிறகு அவள் மரவேலைக்கூடத்திலிருந்து அரம் ஒன்றை வாங்கிவந்தாள். ஜாக்கெட்டுகளைக் கழற்றிவிட்டு, பொம்மைகளின் இடது தோளை ஒவ்வொன்றாக ராவினாள். அளந்து அளந்து ராவியதில் சாயங்காலம் ஆகிவிட்டது. கையெல்லாம் தூள். திரும்ப மாட்டியபோது ஏழு ஜாக்கெட்டும் ஒரு சுருக்கமில்லாமல் நேராக நின்றன. கசக்கித் திணித்த தாள்களைக் கூட்டி அள்ளிக் கூடையில் போட்டாள்.

பிறகு பதிவு அட்டைகளை எடுத்தாள். வடிவத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் அவளே எழுதியிருந்த நீண்ட பத்தியை ஒவ்வொரு அட்டையிலும் ரப்பரால் அழித்தாள். அந்த இடத்தில், பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டு, ஏழு அட்டையிலும் ஒரே வரியை எழுதினாள்.

‘அளவெடுத்து வெட்டியது.’